கோப்பை உலாவி திறப்பதில்லை: எழுத்து உலாவிக்கு ஆள் காட்டும் பட்டியல்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்தை ஒட்டிய குடியிருப்புத் தாமான்களில் பழைய மடிக்கணினிக்குப் பஞ்சமில்லை. பாலிடெக்னிக் படிக்கும்போது அண்ணனுக்கு வாங்கிக் கொடுத்தது, அக்கா வேலைக்குப் போனதும் விட்டுவிட்டுப் போனது என்று பல வீடுகளில் அலமாரி மேல் ஒன்று கிடக்கும். இன்றைய உலாவிகளை அது தாங்காது. நாலைந்து பக்கம் திறந்தாலே உள்ளே விசிறி இரைய ஆரம்பித்துவிடும். அதிலேயே லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு ஓர் எழுத்து உலாவியையும் வைத்துக் கொடுத்தால் பிள்ளைகள் தாராளமாகப் படிக்கலாம். எழுத்து உலாவி என்றால், படமும் விளம்பரமும் ஏற்றாமல் இணையப் பக்கத்தின் எழுத்தை மட்டும் முனையத்தில் காட்டும் உலாவி. முனையம் என்பது கட்டளை தட்டும் அந்தக் கறுப்புத் திரை. செம்பனைக்கு நடுவே கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை நம்பி இருப்பவர்களுக்கு டேட்டாவும் மிச்சம், நேரமும் மிச்சம்.

வைத்துக் கொடுத்த கொஞ்ச நாளில் புகார் வரும். "அண்ணே, டீச்சர் கொடுத்த குறிப்பு பிடிஎஃப்பா இருக்கு, திறக்க மாட்டேங்குது." பக்கத்தில் இருப்பவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எழுத்து உலாவியில் பிடிஎஃப் திறக்கவே திறக்காது என்பார் ஒருவர். பிடிஎஃப் வாசிக்கும் மென்பொருளை நிறுவு, தானாகத் திறக்கும் என்பார் இன்னொருவர். பெயரின் கடைசியில் இருப்பதை மாற்றிப் பார் என்று மூன்றாவது ஆலோசனையும் வரும். மூன்றுமே தவறு. மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்தான்: கோப்பை உலாவி திறக்கிறது என்பது.

அப்படி நினைப்பதில் ஆச்சரியமில்லை. ஃபயர்ஃபாக்ஸ் 2013இல் வந்த 19ஆம் பதிப்பிலிருந்து பிடிஎஃப் வாசிப்பானைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கிறது. சொடுக்கினால் திறக்கிறது, யார் திறந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. எழுத்து உலாவியில் அப்படி உள்ளே எதுவும் கிடையாது. அதனால்தான் இந்த வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்பதை அதில் தெளிவாகப் பார்க்க முடிகிறது.

தோட்ட ஆபீசுக்கு வரும் கடிதம்

தோட்ட ஆபீஸில் வேலை நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். தபால் கட்டு வந்ததும் கிராணி ஒவ்வோர் உறையையும் கையில் எடுத்து மேலே எழுதியிருப்பதைப் படிப்பார். மருந்துக்கான கடிதமா, தோட்ட ஆஸ்பத்திரியில் இருக்கும் ட்ரெசரிடம் போகும். உரம், மண்வெட்டி, கத்தி சம்பந்தப்பட்டதா, ஸ்டோருக்குப் போகும். வெளிக்காட்டு வேலை என்றால் கண்டக்டர். கிராணி எந்த உறையையும் பிரித்துப் படித்து அந்த வேலையைத் தானே செய்வதில்லை. எந்தக் கடிதத்துக்கு எந்த ஆள் என்பது அவருக்குத் தெரியும், அவ்வளவுதான். யாருக்கு என்று தெரியாத கடிதம் மேசை ஓரத் தட்டில் கிடக்கும்.

உலாவி அந்தக் கிராணி. இணையத்திலிருந்து வரும் கோப்பு உறைக்குள் இருக்கும் கடிதம். உறைமேல் எழுதியிருப்பது கோப்பின் வகை. ட்ரெசரும் கண்டக்டரும் கணினியில் நிறுவப்பட்ட மற்ற நிரல்கள். புதிதாக ஒரு ட்ரெசர் வேலைக்குச் சேர்ந்தாலும், மருந்துக் கடிதம் அவரிடம் போக வேண்டும் என்று கிராணிக்கு யாரும் சொல்லாவிட்டால் கடிதம் தட்டிலேயேதான் கிடக்கும். பிடிஎஃப் வாசிப்பானை நிறுவிய பிறகும் எழுத்து உலாவி அதைக் கண்டுகொள்ளாமல் இருக்கக் காரணம் இதுதான்.

தட்டில் கிடக்கும் கடிதத்தை லின்க்ஸ் உலாவி எப்படிக் காட்டும் என்று பார்த்திருப்பீர்கள். (லின்க்ஸ் வேறு, லினக்ஸ் வேறு. லின்க்ஸ் 1992இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்த எழுத்து உலாவி, இன்றும் பராமரிக்கப்படுகிறது.) பிடிஎஃப் சுட்டியின் (லிங்க்கின்) மேல் நின்று என்டர் தட்டினால் திரையின் அடியில் ஒரு வரி வரும்: இந்தக் கோப்பை இந்த முனையத்தில் காட்ட முடியாது, பதிவிறக்க டி, விட்டுவிட சி. பல பேர் இதைப் படித்துவிட்டு "முடியாதாம்" என்று மூடிவிடுகிறார்கள். இந்த வகைக்கு ஆள் யார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை என்பதே அந்த வரியின் பொருள்.

உறைமேல் என்ன எழுதியிருக்கிறது

இனி உண்மையான இயக்கத்துக்கு வருவோம். இணையச் சேவையகம், அதாவது பக்கங்களை வைத்திருந்து நாம் கேட்கும்போது அனுப்பும் கணினி, ஒரு கோப்பை அனுப்பும் முன் சில தகவல் வரிகளை அனுப்புகிறது. அதில் ஒரு வரியின் பெயர் கன்டென்ட்-டைப். பிடிஎஃப் என்றால் அந்த வரி இப்படி இருக்கும்:

கன்டென்ட்-டைப்: அப்ளிகேஷன்/பிடிஎஃப்

சாய்கோட்டுக்கு இரண்டு பக்கமும் உள்ள இந்தப் பெயரைத்தான் மைம் வகை என்கிறோம். முன்பாதி குடும்பப் பெயர்: எழுத்துக்கு டெக்ஸ்ட், படத்துக்கு இமேஜ், ஒலிக்கு ஆடியோ, காணொளிக்கு வீடியோ. தனி நிரல் ஒன்று இருந்தால்தான் படிக்க முடியும் என்ற வகைகளில் பெரும்பாலானவை அப்ளிகேஷன் குடும்பம். பின்பாதி அந்தக் குடும்பத்தில் எந்தப் பிள்ளை என்று சொல்கிறது. சாதாரண இணையப் பக்கம் டெக்ஸ்ட்/எச்டிஎம்எல், கைப்பேசியில் எடுத்த படம் பெரும்பாலும் இமேஜ்/ஜேபெக், பாட்டுக் கோப்பு ஆடியோ/எம்பெக்.

மைம் இணையப் பக்கங்களுக்காகப் பிறந்ததே இல்லை, மின்னஞ்சலுக்காகப் பிறந்தது. வெறும் ஆங்கில எழுத்து மட்டும் போய்க்கொண்டிருந்த அஞ்சலில் படமும் ஒலியும் வேற்று மொழி எழுத்தும் போக வேண்டும் என்று நத்தானியேல் போரென்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் இதை வகுத்தார்கள். 1992 ஜூனில், ஆர்எஃப்சி எனப்படும் இணைய நெறிமுறை ஆவண வரிசையில், ஆர்எஃப்சி 1341 என்ற எண்ணுடன் வெளிவந்தது. அதற்குச் சில மாதம் முன்னால், மார்ச் 11 அன்று, போரென்ஸ்டைன் ஓர் அஞ்சலோடு இணைத்து அனுப்பியது தன் நண்பர்களோடு சேர்ந்து பாடும் குழுவின் படமும் பாட்டும். இன்று நாம் வாட்ஸ்அப்பில் குடும்பப் படம் அனுப்புவதற்கும் அதற்கும் பெரிய தூரமில்லை என்று எனக்குத் தோன்றும். அஞ்சலுக்காகச் செய்த இந்த வகைப்பெயரை இணையம் அப்படியே எடுத்துக்கொண்டது.

ஒரு சுட்டியின் வகையை நீங்களே பார்க்கலாம். கர்ல் என்ற நிரலுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, சிறுகோடும் பெரிய ஐ எழுத்தும் போட்டு, மறுபடி இடைவெளி விட்டுச் சுட்டியின் முகவரியைத் தட்டுங்கள். கோப்பு இறங்காது, தகவல் வரிகள் மட்டும் வரும். அதில் கன்டென்ட்-டைப் வரியைத் தேடுங்கள். எந்தச் சிக்கலுக்கும் நான் முதலில் தொடும் இடம் இதுதான். பாதிக் குழப்பம் இங்கேயே தீர்ந்துவிடும்.

இதுவரை: சேவையகம் கோப்போடு மைம் வகையையும் அனுப்புகிறது. உலாவி அந்த வகையைப் பார்த்து முடிவெடுக்கிறது. கோப்பின் பெயரைப் பார்த்து அல்ல.

அப்படியென்றால் பெயரின் வால் எதற்கு

புள்ளிக்குப் பின் வரும் பிடிஎஃப், டாக்ஸ், எம்பி3 போன்றவற்றைக் கோப்பு நீட்டிப்பு என்கிறோம். இதைப் பற்றித்தான் ஆளாளுக்குப் பேசுகிறார்கள். நீட்டிப்பு ஒன்றுமே செய்வதில்லை என்று சொன்னாலும் தவறு, எல்லாம் அதுதான் என்று சொன்னாலும் தவறு.

இரண்டு இடத்தில் அதற்கு வேலை உண்டு. முதல் இடம் சேவையகம். அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் போன்ற சேவையக மென்பொருள்கள் உறைமேல் எழுத வேண்டிய வகையைப் பெரும்பாலும் நீட்டிப்பைப் பார்த்தே எழுதுகின்றன. எந்த நீட்டிப்புக்கு எந்த மைம் வகை என்று அவை ஒரு பட்டியல் வைத்திருக்கும்; அந்தக் கோப்பின் பெயர் மைம்.டைப்ஸ். இரண்டாவது இடம் உங்கள் சொந்தக் கணினி. உங்கள் வட்டிலேயே இருக்கும் கோப்பை எழுத்து உலாவியில் திறந்தால் நடுவில் சேவையகம் இல்லை, உறையும் இல்லை. அப்போது உலாவியே நீட்டிப்பைப் பார்த்து, தன் பக்கத்து மைம்.டைப்ஸைப் புரட்டி வகையைத் தீர்மானிக்கிறது.

அதனால் ஒரே கோப்பு இணையத்தில் ஒருமாதிரியும் வட்டில் ஒருமாதிரியும் நடந்துகொள்ளலாம். சேவையகத்தின் பட்டியலில் இல்லாத நீட்டிப்பு என்றால் பல சேவையகங்கள் அப்ளிகேஷன்/ஆக்டெட்-ஸ்ட்ரீம் என்று போட்டுவிடும். "ஏதோ பைட்டுகள், என்ன என்று தெரியாது" என்பதற்கு மேல் அதில் பொருள் இல்லை. அந்த வகை வந்தால் உலாவி சேமிக்கட்டுமா என்று கேட்பதே முறை. அதைத் திறக்க ஒரு நிரலை நியமிக்காதீர்கள். உள்ளே பாட்டும் இருக்கலாம், நச்சு நிரலும் இருக்கலாம்.

பெயரை மாற்றினால் உள்ளே எதுவும் மாறாது

கோப்பின் உண்மையான வகை அதன் உள்ளே இருக்கிறது. பெரும்பாலான வகைகள் தங்கள் முதல் சில பைட்டுகளில் ஓர் அடையாளம் வைத்திருக்கின்றன. பிடிஎஃப் கோப்பு விழுக்காட்டுக் குறியோடு பி, டி, எஃப் என்ற எழுத்துகளில் தொடங்கும். ஜிப் கோப்பு பி, கே என்று தொடங்கும். ஜிப்பை உருவாக்கிய ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள் அவை. இன்றைய வேர்டு ஆவணமும் உள்ளுக்குள் ஒரு ஜிப் கட்டுதான், அதனால் அதுவும் பி, கே என்றே தொடங்குகிறது. லினக்ஸில் ஃபைல் என்று ஒரு கட்டளை உண்டு. அதற்கு ஒரு கோப்பைக் கொடுத்தால் பெயரை நம்பாமல் இந்த அடையாளத்தைப் படித்து வகையைச் சொல்லும்.

ஒரு படத்தின் நீட்டிப்பை பிடிஎஃப் என்று மாற்றினால் படம் பிடிஎஃப் ஆகிவிடாது. தவறான ஆளிடம் போகும், அவர் "எனக்குப் புரியவில்லை" என்று திருப்பி அனுப்புவார். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க நான் அக்கறைப்படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கல்யாண அழைப்பிதழ் என்று சொல்லி வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு அனுப்பும் மோசடி நம் நாட்டில் பல பேருடைய பணத்தைக் கொண்டுபோயிருக்கிறது. ஏபிகே என்பது ஆண்ட்ராய்டில் செயலி நிறுவும் கட்டு. பெயரில் "அழைப்பிதழ்" என்று இருப்பதைப் பார்த்துத் தட்டியவர்கள், அது எந்த வகை, தட்டினால் யார் கையில் போகும் என்று பார்க்கவில்லை. தோட்டத்துப் பாட்டிக்கும் இந்த ஒன்றைச் சொல்லி வைப்பது நல்லது.

இதுவரை: வகை மூன்று இடத்தில் தெரியும். உறைமேல் மைம் வகை, பெயரின் வாலில் நீட்டிப்பு, உள்ளே முதல் பைட்டுகள். இணையத்தில் எழுத்து உலாவி நம்புவது முதலாவதை.

மெயில்கேப்: ஆள் காட்டும் பட்டியல்

இப்போது நம் கையில் இருக்கும் வேலை. எந்த மைம் வகைக்கு எந்த நிரல் என்று சொல்லும் பட்டியலுக்கு மெயில்கேப் என்று பெயர். இதுவும் அஞ்சல் உலகத்திலிருந்து வந்ததுதான். 1993 செப்டம்பரில் ஆர்எஃப்சி 1524 என்று எழுதி வைத்தார்கள். முப்பது வருடம் தாண்டியும் அதே வடிவத்தில் வேலை செய்கிறது. லின்க்ஸும் படிக்கும், ஜப்பானில் உருவான டபிள்யூ3எம் உலாவியும் படிக்கும், முனையத்தில் அஞ்சல் படிக்கும் மட் போன்ற நிரல்களும் படிக்கும். ஒரு தடவை எழுதினால் எல்லாவற்றுக்கும் உதவும்.

பட்டியல் இரண்டு இடத்தில் இருக்கலாம். கணினி முழுவதற்கும் பொதுவானது ஈடிசி அடைவுக்குள் (ஃபோல்டருக்குள்), மெயில்கேப் என்ற பெயரில். உங்களுக்கு மட்டும் உரியது உங்கள் வீட்டு அடைவுக்குள், அதே பெயருக்கு முன் ஒரு புள்ளி வைத்து. உங்களுடையதைத்தான் உலாவி முதலில் பார்க்கும். பொதுப் பட்டியலில் கை வைக்காமல் உங்கள் பட்டியலில் எழுதுங்கள். அந்தக் கோப்பு இல்லையென்றால் நீங்களே உருவாக்கலாம். சாதாரண எழுத்துக் கோப்புதான்.

கீழே கட்டளைகளைத் தமிழ் ஒலிப்பில் கொடுக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில், குறிகளும் இடைவெளிகளும் இங்கே உள்ளபடியே இருக்க வேண்டும்.

அப்ளிகேஷன்/பிடிஎஃப்; பிடிஎஃப்டுடெக்ஸ்ட் -லேஅவுட் %எஸ் -; கோப்பியஸ்அவுட்புட்

அரைப்புள்ளிகள் இந்த வரியை மூன்று துண்டாகப் பிரிக்கின்றன. முதல் துண்டு மைம் வகை. இரண்டாவது ஓட வேண்டிய கட்டளை. மூன்றாவது உலாவிக்கு ஒரு குறிப்பு.

நடுத்துண்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். பிடிஎஃப்டுடெக்ஸ்ட் என்பது பிடிஎஃப்பிலிருந்து எழுத்தை மட்டும் உருவியெடுக்கும் நிரல். பாப்லர் கருவிகளோடு வரும். லேஅவுட் என்ற சொல் பத்தியும் அட்டவணையும் பக்கத்தில் இருந்தபடியே வர வேண்டும் என்று அதற்குச் சொல்கிறது. விழுக்காட்டுக் குறியும் எஸ் எழுத்தும் சேர்ந்த இடம்தான் உயிர்நாடி. உலாவி கோப்பை இறக்கி ஒரு தற்காலிகப் பெயரில் வட்டில் வைக்கும். அந்தப் பெயர் என்னவாக இருக்கும் என்று பட்டியல் எழுதும்போது நமக்குத் தெரியாது. "கோப்பின் பெயரை இங்கே போட்டுக்கொள்" என்று நாம் விட்டு வைக்கும் காலியிடம் அது. கடைசியில் தனியாக நிற்கும் சிறுகோடு, உருவிய எழுத்தை இன்னொரு கோப்பில் எழுதாமல் நேரே திரைக்கு அனுப்பச் சொல்கிறது. அந்தச் சிறுகோட்டை விட்டுவிட்டுத்தான் பல பேர் "ஓடுகிறது, ஆனால் திரையில் ஒன்றும் வரவில்லை" என்று திகைத்து நிற்கிறார்கள். எழுத்து வந்துதான் இருக்கும், தற்காலிக அடைவில் வேறொரு கோப்பாக.

மூன்றாவது துண்டில் உள்ள கோப்பியஸ்அவுட்புட், "நிறைய எழுத்து வரும், ஓடவிடாமல் பக்கம் பக்கமாகக் காட்டு" என்ற குறிப்பு. டபிள்யூ3எம் இதைப் பார்த்ததும் அந்த எழுத்தைத் தன் திரையிலேயே ஒரு பக்கம்போல வைத்துக் காட்டும். மேலே கீழே போகலாம், தேடலாம். ஐந்தாம் படிவத்துப் பிள்ளை சரித்திரக் குறிப்பில் ஓர் ஆண்டைத் தேட இதைவிட வேகமான வழி எனக்குத் தெரியாது.

இன்னொரு குறிப்பு நீட்ஸ்டெர்மினல். நாம் அழைக்கும் நிரல் முனையத்திலேயே நம்மோடு பேச வேண்டியதென்றால் இதைப் போட வேண்டும். போட்டால் உலாவி திரையை விட்டுக்கொடுத்து, அந்த நிரல் முடியும்வரை காத்திருக்கும். போடாவிட்டால் இரண்டும் ஒரே திரைக்கும் ஒரே விசைப்பலகைக்கும் போட்டி போட்டு, எழுத்து கண்டபடி சிதறும்.

படமும் பாட்டும்

எம்பிவி என்ற ஒரே நிரல் பாட்டையும் காணொளியையும் பார்த்துக்கொள்ளும். வகைக்கு வகை தனி வரி எழுதத் தேவையில்லை. குடும்பத்துக்கு ஒன்று போதும். பின்பாதியில் நட்சத்திரக் குறி போட்டால் அந்தக் குடும்பத்தில் எதுவானாலும் சரி என்று பொருள்.

ஆடியோ/*; எம்பிவி %எஸ்; நீட்ஸ்டெர்மினல்

படத்துக்கு ஃபெஹ் போன்ற சின்ன நிரல் போதும். ஆனால் அதற்கு வரைகலைத் திரை வேண்டும், அதாவது சன்னல்களும் மவுஸ் அம்புக்குறியும் உள்ள சாதாரணத் திரை. பழைய கணினியில் வரைகலையே போடாமல் வெறும் முனையத்தில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். மெயில்கேப் இதற்கும் வழி வைத்திருக்கிறது. வரியின் கடைசியில் டெஸ்ட் என்று எழுதி சமக்குறி போட்டு ஒரு சின்னக் கேள்வி வைக்கலாம். கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால்தான் அந்த வரி செல்லும். இல்லையென்றால் உலாவி அடுத்த வரிக்குப் போய்விடும். வழக்கமாக எழுதும் கேள்வி, டிஸ்ப்ளே என்ற மாறியில், அதாவது கணினி ஒரு மதிப்பைக் குறித்து வைக்கும் பெயரில், ஏதாவது இருக்கிறதா என்பது. வரைகலைத் திரை ஓடினால் அதில் ஒரு மதிப்பு இருக்கும்.

இங்கே வரிசை முக்கியம். மேலிருந்து கீழாகப் பார்த்து, பொருந்தும் முதல் வரியை எடுத்துக்கொள்வதே வழக்கம். பொதுவான நட்சத்திர வரியை மேலே போட்டுவிட்டு, குறிப்பிட்ட வகைக்கான வரியைக் கீழே போட்டால் கீழே உள்ளது கவனிக்கப்படாமலே போகும். குறிப்பானது மேலே, பொதுவானது கீழே என்று எழுதுங்கள்.

கட்டளையின் கடைசியில் "பின்னணியில் ஓடு" என்பதற்கான ஆம்பர்சாண்ட் குறியைப் போடும் பழக்கம் சிலருக்கு உண்டு. மெயில்கேப்பில் அதைத் தவிர்ப்பது நல்லது. நிரல் வேலையை முடித்துவிட்டது என்று நினைத்து உலாவி தற்காலிகக் கோப்பை அழித்துவிடக்கூடும். நிரல் திறக்கப் போகும்போது கோப்பு இருக்காது.

எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாதது ஒன்று. இணையத்திலிருந்து வரும் கட்டளைக் கோப்புகளை ஓட்டும் ஷெல் போன்ற நிரலைப் பட்டியலில் ஆளாகப் போடாதீர்கள். அப்படிப் போட்டால் எவரோ எழுதிய கட்டளை, நீங்கள் ஒரு சுட்டியைத் தட்டிய மாத்திரத்தில் உங்கள் கணினியில் ஓடும். காட்டும் நிரலை மட்டும் நியமியுங்கள், செயல்படுத்தும் நிரலை அல்ல.

லின்க்ஸின் தனி வழி

மெயில்கேப் போதும் என்றாலும் லின்க்ஸுக்குத் தன்னுடைய அமைப்புக் கோப்பிலும் இதைச் சொல்லலாம். அங்கே வியூவர் என்று தொடங்கும் வரியில் மைம் வகையும் கட்டளையும் வரும். பிரிப்பது அரைப்புள்ளி அல்ல, முக்காற்புள்ளி. சஃபிக்ஸ் என்று தொடங்கும் வரி எந்த நீட்டிப்புக்கு எந்த வகை என்று சொல்கிறது, வட்டில் உள்ள கோப்புக்கு அது உதவும். இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகளைப் படித்து சஃபிக்ஸ் வரியை மட்டும் எழுதிவிட்டு, இணையக் கோப்பு ஏன் திறக்கவில்லை என்று தேடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். சேவையகம் சொன்ன வகை இருக்கும்போது சஃபிக்ஸுக்கு அங்கே வேலையில்லை. ஒரே பட்டியலைப் பல நிரல்களும் படிக்க வேண்டும் என்பதால் நான் மெயில்கேப்பையே சிபாரிசு செய்வேன்.

எழுதியும் திறக்கவில்லையென்றால்

முதலில் கர்லை வைத்து வகையைப் பாருங்கள். அப்ளிகேஷன்/பிடிஎஃப் என்று வராமல் ஆக்டெட்-ஸ்ட்ரீம் என்று வந்தால் உங்கள் பட்டியலில் குற்றமில்லை. சேவையகம் உறைமேல் சரியாக எழுதவில்லை. டெக்ஸ்ட்/எச்டிஎம்எல் என்று வந்தால் உங்களுக்கு வந்தது பிடிஎஃப்பே இல்லை, பெரும்பாலும் உள்நுழையச் சொல்லும் பக்கமாக இருக்கும். வகை சரியாக இருந்தால், அந்தக் கோப்பைத் தனியாக இறக்கி, பட்டியலில் உள்ள கட்டளையை நீங்களே கையால் தட்டிப் பாருங்கள். அங்கேயே ஓடவில்லையென்றால் நிரல் நிறுவப்படவில்லை அல்லது பெயரில் எழுத்துப்பிழை. கையால் ஓடி, உலாவியில் மட்டும் ஓடவில்லையென்றால் வரிசையையும் அரைப்புள்ளிகளையும் பாருங்கள்.

எவ்வளவு பட்டியல் எழுதினாலும் தீராத ஒன்றும் உண்டு. பக்கத்தோடு வந்து உலாவிக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை லின்க்ஸும் டபிள்யூ3எம்மும் ஓட்டாது. வங்கிக் கணக்கு, அரசாங்கத்தின் இணையப் படிவங்கள் போன்ற பக்கங்களை அது இல்லாமல் பெரும்பாலும் நிரப்ப முடியாது. அதற்குச் சாதாரண உலாவியோ கைப்பேசியோதான் வழி. படிப்பதற்கு ஒன்று, நிரப்புவதற்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் பிடிஎஃப்

நம் பிள்ளைகளுக்கு அடிக்கடி வரும் சிக்கலைத் தனியாகச் சொல்ல வேண்டும். மலாய், ஆங்கிலக் குறிப்புகள் அழகாக வரும். தமிழ்க் குறிப்பைத் திறந்தால் திரை முழுக்க ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்து கிடக்கும். பட்டியல் கெட்டுவிட்டது என்று நினைத்து அழிக்க வேண்டாம்.

எல்லா மொழிக்கும் பொதுவான குறிமுறையான யூனிகோடு பரவலாவதற்கு முன் தமிழ் எழுத்துருக்கள் ஆளுக்கொரு குறிமுறை வைத்திருந்தன. பாமினி என்ற அப்படிப்பட்ட எழுத்துருவில் தட்டிய ஆவணத்துக்குள் தமிழ் எழுத்தே கிடையாது. ஆங்கில எழுத்துகள்தான் இருக்கின்றன. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது. ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று உள்ளே இருப்பது பாமினி உருவத்தில் "தமிழ்" என்று தெரியும். பிடிஎஃப்டுடெக்ஸ்ட் உருவத்தை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் உருவுவதால் உள்ளே இருப்பது அப்படியே வெளியே வருகிறது. யூனிகோடில் செய்த பிடிஎஃப்பிலும் சில சமயம் கொம்பும் காலும் இடம் மாறி வரும். ஆனால் படித்துப் புரிந்துகொள்ளலாம். பாமினியைப் புரிந்துகொள்ள முடியாது.

இத்தகைய கோப்புக்குப் பக்கத்தை உருவமாகவே காட்டும் நிரல் வேண்டும். முபிடிஎஃப் இலகுவானது, பழைய கணினியிலும் ஓடும். பிடிஎஃப்புக்கு இரண்டு வரி எழுதி, வரைகலைத் திரை இருக்கிறதா என்ற கேள்வியோடு முபிடிஎஃப்பை மேலேயும், கேள்வியில்லாமல் பிடிஎஃப்டுடெக்ஸ்டைக் கீழேயும் வைக்கலாம். வரைகலையில் இருக்கும்போது உருவம் வரும், வெறும் முனையத்தில் எழுத்து வரும்.

ஆனால் பாமினிக் கோப்பை மட்டும் முபிடிஎஃப்பிடம் அனுப்பு, மற்றதை எழுத்தாகக் காட்டு என்று மெயில்கேப்பில் சொல்ல வழியில்லை. இரண்டுக்கும் உறைமேல் ஒரே வகைதான் எழுதியிருக்கிறது. அந்த முடிவை நீங்கள்தான் எடுக்க வேண்டும். எழுத்தாக வந்தது குப்பையாக இருந்தால் பின்னால் வந்து, சுட்டியின் மேல் நின்று கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். லின்க்ஸில் அதற்கு டி விசை, டபிள்யூ3எம்மில் ஏ விசை. இறங்கியதை முபிடிஎஃப்பில் நேராகத் திறந்துகொள்ளலாம்.